பலகையில் தக்காளி சாதம்

கிளியனூரிலிருந்து உள்ளே தள்ளியிருக்கும் ஒரு தொடக்கப் பள்ளியில் இருதயசெல்வி பதினோரு வருடமாகச் சமையல் உதவியாளர். காலையில் வந்ததும் வாசல் கரும்பலகையில் அன்றைய உணவை எழுத வேண்டும். எட்டாவதோடு நின்ற படிப்பில் அவளுக்கு மிச்சமிருந்த எழுத்து வேலை அதுதான். கோணாமல் எழுதுவாள்.

இருந்த இரண்டு ஆசிரியர்களில் விருத்தாசலம் சார் ஜூனில் ஓய்வு பெற்றார். அதற்குப் பிறகு ஐந்து வகுப்புக்கும் கவிதா டீச்சர் ஒருவர்தான். ஒன்றாவதுக்கு 'அ' எழுதிப் போட்டுவிட்டு ஐந்தாவதின் பின்னக் கணக்குக்குப் போவார். அதற்குள் மூன்றாவதில் யாராவது அழுவார்கள். அவருடைய டிபன் பாக்ஸ் பல நாள் திறக்காமலே திண்டிவனம் பஸ் ஏறும்.

அக்டோபரில் ஒரு புதன்கிழமை தக்காளி வரவில்லை. இருதயசெல்வி சாம்பார் சாதம் செய்தாள். காலையில் பலகையில் எழுதிய 'தக்காளி சாதம்' என்பதை மாற்ற மறந்துவிட்டாள். நாலாவது படிக்கும் பிரின்சி தட்டோடு வந்து நின்றாள். பள்ளியிலேயே அழகான கையெழுத்து அவளுடையது. டீச்சர் அவள் நோட்டைத்தான் மற்றவர்களுக்குத் தூக்கிக் காட்டுவார்.

"இன்னிக்கு இன்னா சோறுன்னு படிடி, பாக்கலாம்."

பிரின்சி அண்டாப் பக்கம் லேசாக முகர்ந்தாள். பலகையில் விரல் வைத்து, "சாம்... பார்... சாதம்" என்றாள்.

பின்னால் நின்ற வல்லரசு சிரித்தான். "ஆயா, தக்காளின்னு எழுதிக்கீது!"

"நான்தான்டா தப்பா எழுதிட்டேன். அவ கரெக்டாதான் சொன்னா. நீ தட்ட நீட்டு."

மாலையில் டீச்சரிடம் போனாள். "கோச்சுக்காதீங்க டீச்சர். பிரின்சிக்குப் படிக்க வரல. பாத்து வரையுது."

"நோட்ல ஒரு தப்புகூட இல்லியே அக்கா."

டீச்சர் நோட்டைப் புரட்டினார். பக்கத்துக்குப் பக்கம் 'மிக நன்று'. எல்லாம் அவர் போட்டதுதான். வெகுநேரம் மூடாமல் வைத்திருந்தார்.

"அவள எப்ப தனியா உக்கார வெக்கிறது? நீங்களே சொல்லுங்க."

"சோத்து நேரத்துல. தட்டு கழுவி முடிக்கிற வரைக்கும் பசங்க எங்கிட்ட. ஒருத்தனையும் உள்ள வுடமாட்டேன். நீங்க ரெண்டு பேரும் சாப்ட்டுக்கினே படிங்க. ஆனா நீங்களும் சாப்பிடணும்."

மறுநாளிலிருந்து புங்க மரத்தடியில் அவள் பிள்ளைகளைக் கட்டி மேய்த்தாள். தட்டுகளை எண்ணச் சொன்னாள். தப்பாக எண்ணியவனை மறுபடி எண்ணச் சொன்னாள். பாத்திரம் கழுவுவது தள்ளிப்போய், வீடு சேர நாலரை ஆனது.

"டீச்சராயிட்டியா?" என்றான் கணவன் சூசைமுத்து.

"ஆமா, தட்டு டீச்சர்."

பொங்கல் கழிந்து ஒரு வியாழக்கிழமை. அண்டாவில் சாம்பார் சாதம். பலகையில் தக்காளி சாதம். இந்த முறை மறதி இல்லை.

பிரின்சி தட்டோடு வந்தாள். பலகையைப் பார்த்தாள், அண்டாவைப் பார்த்தாள். மறுபடி பலகையை.

"ஆயா, தப்பா எழுதிக்கீறீங்க."

இருதயசெல்வியின் கரண்டி அந்தரத்தில் நின்றது. "டீச்சர்!" என்று கத்தினாள். "ஜல்தி வாங்க, இது இன்னா சொல்லுதுன்னு கேளுங்க."

டீச்சர் ஓடி வந்தார். கையில் திறந்த டிபன் பாக்ஸ், பாதி காலி.