தம்பி காலைத் தூக்கிக் காட்டிய நாள்

2003ஆம் ஆண்டு. சண்டை ஓய்ந்து பாதைகள் திறந்து, நாங்கள் யாழ்ப்பாணத் தீவுப்பகுதியில், சரவணையில் எங்கள் பழைய வளவுக்குத் திரும்பிவந்து கூரை போட்டு இருந்த காலம். ஊர்காவற்றுறையில் அப்போது புதிதாக ஒரு கொமினிக்கேசன் கடை திறந்திருந்தார்கள். வெளிநாட்டுக்குக் கோல் எடுக்கலாம், கொம்பியூட்டரில் முகம் பார்த்தும் கதைக்கலாம் என்று வாசலில் எழுதி ஒட்டியிருந்தது.

வீட்டில் நானும் அண்ணையும்தான். அண்ணைக்குப் பிறவியிலேயே காது கேளாது, பேச்சும் வராது. பள்ளிக்கூடம் போனதில்லை, எழுத்தும் தெரியாது. நாங்கள் வீட்டுக்குள் பழகிய கைச்சைகைதான் அவருக்குப் பாஷை.

எங்கள் தம்பி 1996இல், நாங்கள் வன்னியில் இடம்பெயர்ந்து இருந்தபோது, கொழும்புக்குப் போய் அங்கிருந்து கனடாவுக்குப் போனவன். அதை அண்ணைக்குச் சொல்ல, அம்மா கையை விரித்துப் பிளேன்மாதிரி மேலே கொண்டுபோய்க் காட்டினா. அண்ணை கண்ட பிளேன் எல்லாம் குண்டு போட்ட பிளேன். தம்பி பிளேனில் போனான் என்றதை அவர் பிளேனால் போனான் என்று விளங்கிக்கொண்டார். அன்று அவர் விழுந்து புரண்டு அழுதது இப்போதும் கண்ணுக்குள் நிற்கிறது.

பிறகு எத்தனையோ முறை சொல்லிப் பார்த்தோம். தம்பி அனுப்பிய படங்களைக் காட்டினால், சுவரில் இருக்கும் அப்பாவின் படத்தைக் காட்டுவார். செத்த ஆட்களுக்கும் படம் இருக்குத்தானே! தம்பி வீடியோக் கசற் அனுப்பினான். அதுவும் எடுபடவில்லை. செத்துப்போன எங்கள் மாமாவும் தன்னுடைய கலியாணவீட்டுக் கசற்றில் சிரித்துக்கொண்டு திரிகிறார்தானே. அம்மா கண்ணை மூடினபோது, அவ தம்பியிடம் போய்விட்டா என்றுதான் அண்ணை எனக்குக் கைகாட்டினார்.

எனக்குக் களைத்துப்போயிற்று. காலையில் தோட்டம், பின்னேரம் தையல், இடையில் இது. உயிரோடு இருக்கிற ஒருவனை இருக்கிறான் என்று நம்பவைப்பதைப்போல அலுப்பான வேலை வேறில்லை. “எனக்கு இனி ஏலாதடா, அவர் நம்புறதை நம்பட்டும்” என்று தம்பிக்கே போனில் சொல்லிவிட்டேன். அவன்தான் விடவில்லை. “அக்கா, ஒருக்கா கமெராவில பாப்பம். அதுக்குப் பிறகு நான் கேக்கமாட்டன்” என்றான்.

ஒரு சனிக்கிழமை காலையில் அண்ணையை பஸ்ஸில் ஏற்றிக்கொண்டு போனேன். வழியில் நேவி சென்றியில் சோதனைக்காக இறங்கி நடந்து, திரும்ப ஏறி, போய்ச் சேரவே எனக்கு அலுத்துவிட்டது. கடையை நடத்தியது ஒரு பெண். நான் அண்ணையின் நிலைமையைச் சொன்னதும் அவ கொம்பியூட்டருக்கு மேலே பூட்டியிருந்த சின்னக் கமெராவைச் சரிப்படுத்தினா.

“இது கசற் இல்லை அக்கா, நேரடி. ஆனா லைன் சரியான ஸ்லோ. இவர் காட்டுறது அங்க போய்ச்சேர நேரம் பிடிக்கும். கையை வேகமா ஆட்டினா அங்க ஒண்டும் விளங்காது. ஒரு சைகையைக் காட்டினா அப்பிடியே பிடிச்சுக்கொண்டு இருக்கச் சொல்லுங்கோ. படம் இடைக்கிடை பிரீஸ் ஆகும், உறைஞ்சமாதிரி நிக்கும். பயப்பிடாதேங்கோ.”

தொடர்பு கிடைத்ததும் என் குரலே எனக்குத் திரும்பி எதிரொலித்தது. அவ மைக்கை மியூட் பண்ணிவிட்டா. எங்களுக்குச் சத்தம் எதுக்கு?

திரையில் தம்பி வந்தான். முன்மயிர் கொட்டி, தடித்த ஜக்கெற் போட்டிருந்தான். அண்ணை பார்த்தார். பிறகு என்னைப் பார்த்து, விரலை வட்டமாகச் சுழற்றிக் காட்டினார். கசற்றாம்.

நான் இல்லை, இல்லை என்று தலையாட்டினேன். அவர் கொஞ்சம் யோசித்தார். பிறகு இரண்டு விரலை நண்டின் கொடுக்குப்போலத் திறந்து மூடி, புருவத்தை உயர்த்தித் தம்பியைக் கேட்டார். சின்ன வயதில் இவர்கள் இரண்டுபேரும் ஊர்த் தரவைக் கடலில், முழங்கால் தண்ணீரில் இறங்கினபோது தம்பியை நண்டு கடித்தது. எங்கே கடித்தது என்று கேட்கிறார். எனக்கே அது மறந்துபோயிருந்தது.

திரையில் தம்பி பாதிச் சிரிப்போடு அப்படியே நின்றான். அசையவில்லை. அண்ணை கையைப் பிடித்தபடி பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு மெல்லக் கையை இறக்கினார். கதிரையைத் தள்ளிவிட்டு எழும்பிவிட்டார். நான் சேர்ட்டைப் பிடித்து இழுத்தேன், அவர் உதறினார். கடைக்காரப் பெண் ஓடிவந்து வாசலை மறித்துக்கொண்டு, “இருக்கச் சொல்லுங்கோ அக்கா! படம்தான் நிக்குது, ஆள் நிக்கேல்லை” என்றா.

அதற்குள் திரை சதுரம் சதுரமாக உடைந்து திரும்பச் சேர்ந்தது. கதிரையில் தம்பியைக் காணோம். பிறகு ஏதோ பெரிதாக வந்து திரையை அடைத்தது. ஒரு கால்! சொக்ஸைக் கழற்றி எறிந்துவிட்டு, காலைத் தூக்கிக் கமெராவுக்கு நேரே பிடித்து, இரண்டாவது விரலைத் தொட்டுக் காட்டிக்கொண்டிருந்தான் தம்பி.

அண்ணை திரும்பிவந்து திரையில் முட்டுமளவுக்குக் குனிந்து பார்த்தார். இன்னும் முழுதாக நம்பாமல் தன் மூக்கைத் தொட்டார். கொஞ்சநேரம் பொறுத்து அங்கே தம்பியும் மூக்கைத் தொட்டான். அண்ணையின் தொண்டையிலிருந்து அப்போது வந்த சத்தத்தை நான் அதற்கு முன் கேட்டதில்லை. கடைக்காரப் பெண் முகத்தைத் திருப்பிக்கொண்டா.

அதோடு சந்தோஷமாக முடிந்தது என்று சொல்ல ஆசைதான். ஆனால் அண்ணை அடுத்துக் கேட்டது, அம்மா செத்தபோதுகூட ஏன் வரவில்லை என்று. தம்பி இரண்டு மணிக்கட்டையும் சேர்த்துக் கட்டிப்போட்டதுபோலக் காட்டினான். அங்கே அவனுக்கு இன்னும் அகதிப் பேப்பர் கிடைக்கவில்லை, வெளிக்கிட்டால் திரும்பிப் போக ஏலாது. அண்ணைக்கு விளங்கியதுபோல இருந்தது. திரையில் அவன் முகத்தைத் தடவினார். லைன் அறுந்துபோயிற்று.

திரும்பும்போது பஸ்ஸில் நான் நித்திரையாகிவிட்டேன். எத்தனையோ வருஷக் களைப்பு. அண்ணைதான் என்னைத் தட்டி எழுப்பி இறக்கினார்.

2006இல் சண்டை திரும்பத் தொடங்கப் பாதையும் பூட்டு, கடையும் பூட்டு. தம்பியின் முகத்தை அதன்பிறகு நாங்கள் காணவில்லை. ஆனாலும் அவன் செத்துப்போனான் என்று அண்ணை ஒருநாளும் காட்டியதில்லை. உண்மையைச் சொல்லிவிட்டால் என் கடமை முடிந்தது என்று நினைத்திருந்தவள் நான். கேட்கிற ஆளுக்குத் திருப்பி ஒரு கேள்வி கேட்க இடம் கிடைத்தால்தான் அது அவருக்கும் உண்மையாகும் என்பதை அன்றைக்குத்தான் விளங்கிக்கொண்டேன்.