டிக்கெட் கிழித்தவள் போட்ட மனு

மனு கிடைத்த முப்பது நாளுக்குள் பதில் போயாக வேண்டும் என்பது விதி. அந்த விதியை மற்றவர்களுக்கு நினைவூட்டியே நான் அரசு வேலையில் ஓய்வு பெற்றேன்.

எழுபதுகளில் மந்தைவெளிப் பக்கம் ஒரு சிறு சினிமாக் கொட்டகையில், பெண்கள் பகுதி வாசலில் ஒருத்தி டிக்கெட் கிழிப்பாள். ஒல்லியாக, உயரமாக இருப்பாள். புடவையை இழுத்துச் செருகியிருப்பாள். அந்த வாரம் ஓடியது பெண் உளவாளி படம். திரையில் கதாநாயகி எதிரியை உதைக்கும்போதெல்லாம் இவளுடைய வலது கால் தரையில் ஓர் அங்குலம் நகரும். மனைவியை உட்காரவைக்கப் போன நான் அதைப் பார்த்துச் சிரித்துவிட்டேன்.

"சிரிக்காத சார். இந்தம்மா யாராண்ட மனு குட்த்து இந்த வேலைக்கு வந்துச்சு?" என்றாள், திரையில் இருந்த உளவாளியைக் காட்டி.

பெண் போலீசுக்கு ஆள் எடுக்கிறார்களாம். மறுநாளே நேரில் போய் நிற்கப்போவதாகச் சொன்னாள்.

"நேர்ல போனா எவனும் மதிக்க மாட்டான். முறைப்படி தபால்ல அனுப்பும்மா," என்றேன்.

படிவத்தை நானே பூர்த்தி செய்தேன். அவள் குடிசைக்குக் கதவு எண் இல்லாததால் என் முகவரியைக் கொடுத்தேன்.

நேரில் போன அவள் தெருக்காரி ஒருத்தி இரண்டே மாதத்தில் காக்கி உடுத்திவிட்டாள். இவளோ ஒவ்வொரு படத்துக்கும், "பதில் வந்துச்சா சார்?" என்று கேட்டாள். ஒருநாளும் என்னைக் குறை சொல்லவில்லை. ஏன் என்று இன்றும் எனக்குப் புரியவில்லை.

ஏப்ரல் பத்தாம் தேதியோடு வயது வரம்பு முடிவதால், அதற்குள் நேரில் வந்து நிற்க வேண்டும் என்றது பதில். அது என் வீட்டுக்கு வந்தது ஏப்ரல் பதினொன்றாம் தேதி.