அண்ணன் தொடாத சிவப்பு அட்டை

அண்ணன் மறைந்து ஓராண்டு நிறைகிறது. “நடந்தத நடந்தபடி எய்துங்க. எய்திக் குடுக்கறதுல நீங்கதான் கெட்டிக்காரராச்சே” என்றார் அண்ணி. எழுதுகிறேன்.

அண்ணன் பிறந்தது தங்கச் சுரங்கத் தொழிலாளர் குடியிருப்பான ஸ்கெலட்டனில், ஒற்றை அறை வீட்டில். பத்தாம் வகுப்பு அவரை இரண்டு முறை திருப்பி அனுப்பியது, சுரங்கம் சேர்த்துக்கொண்டது. அவர் சம்பளத்தில் படித்த நான், அதே சுரங்கத்தின் ஒர்க்ஷாப்பில் ஃபோர்மேன் ஆனேன்.

அங்கே ஒரு விதி உண்டு. இயந்திரத்தைப் பழுது பார்ப்பவர் தன் பெயரெழுதிய சிவப்பு அட்டையை அதில் மாட்டுவார். மாட்டியவரே கழற்ற வேண்டும்; அதுவரை யாரும் அதை ஓட்டக் கூடாது. ஒருமுறை ஷிப்ட் முடியும் அவசரத்தில் அண்ணன் வேறொருவரின் அட்டையைக் கழற்றிப் பம்பை ஓட்டிவிட்டார். யாருக்கும் அடிபடவில்லை. ஆனாலும் மேலதிகாரிக்கு எழுதிக் கொடுத்தேன். பத்து நாள் சஸ்பெண்ட். அதற்குப் பின் அவர் எந்த அட்டையையும் தொட்டதில்லை.

ஓய்வு பெற்றதும் பழைய கார் ஒன்று வாங்கினார். சென்ற ஆண்டு அதன் ஜன்னல் கண்ணாடி ஒன்று கதவுக்குள் விழுந்துவிட்டது. கதவின் உட்புற டோர் பேடைக் கழற்ற முறை இருக்கிறது: முதலில் ஹேண்டிலின் பின்னையும் அடுத்து ஸ்க்ரூவையும் எடுத்து, கடைசியில் கிளிப்புக்குப் பக்கத்தில் துணி வைத்து நெம்ப வேண்டும். அண்ணன் தோசைத் திருப்பியை நட்டநடுவில் விட்டு நெம்பினார். ஆறு கிளிப்புகள் உடைந்தன.

“இன்னாண்ணா, தோசை வெந்துச்சா?”

“நீயே கயட்டுடா, படிச்சவனே.”

முறைப்படி கழற்றினேன். அவர் மறுபடி கைவைக்காதிருக்க, சிவப்பு அட்டை ஒன்றில் என் பெயரெழுதி ஸ்டீயரிங்கில் மாட்டினேன். டோர் பேட் இல்லாமலும் கார் ஓடும். அவரைக் குத்திக்காட்டத்தான் மாட்டினேன்.

மறுநாள் காலை கிளிப் வாங்க பங்காருப்பேட்டைக்கு ரயிலேறினேன். வீட்டில் அண்ணனுக்கு நெஞ்சுவலி. பக்கத்து வீட்டு ஜோசப் காரை ஓட்டத் தயாராக வந்து நின்றார். அண்ணன் சாவியைத் தரவில்லை.

“தம்பி அட்டை தொங்குது. அவன் வந்துதான் கயட்டணும்.”

“இது இன்னா சுரங்கத்து ஷாஃப்ட்டா? நம்ம வாசலுங்க!” என்று அண்ணி கத்தியிருக்கிறார்.

“மேல எய்திக் குடுத்துடுவான்டி” என்று சிரித்தாராம்.

ஜோசப் ஓடி ஆட்டோ பிடித்து வர ஒரு மணி நேரம் ஆயிற்று. ஆஸ்பத்திரி வாசலிலேயே முடிந்துவிட்டது. மதியம் நான் திரும்பியபோது வீடு பூட்டியிருந்தது. அட்டை மாட்டிய இடத்திலேயே இருந்தது. மாட்டியவனே கழற்றினேன்.

சுரங்கம் மூடியதை அண்ணன் பார்க்கவில்லை. அந்த மட்டில் அதிர்ஷ்டசாலி.

ஓடிய ஜோசப்புக்கும், வாடகை வாங்க மறுத்த ஆட்டோக்காரருக்கும், தோள் கொடுத்த உறவினருக்கும் எங்கள் குடும்பத்தின் நன்றி. கதவைச் சரிசெய்துவிட்டேன். கண்ணாடி நன்றாக ஏறி இறங்குகிறது. அண்ணி அந்தக் காரில் ஏறுவதில்லை.

அவர் கேட்டபடி, எழுதிக் கொடுத்துவிட்டேன்.