வளையம் துலக்கிய தீபாவளி

குத்துவிளக்கைத் துலக்கப் புளியைக் கரைத்தாலே எனக்குக் கோபம் வந்துவிடுகிறது.

மெர்டேக்கா என்று நாட்டுக்குச் சுதந்திரம் வந்த வருடம், காஜா பேராங்கில் இருந்த எங்கள் வீட்டில் தீபாவளிக்கு முதல் நாள். பட்டறையில் லேத் ஓட்டிய அப்பா, கடைந்த தண்டுகளின் அளவைச் சரிபார்க்க இரும்பு வளையம் ஒன்று செய்து, கடைசி மெருகுக்காக வீட்டுக்குக் கொண்டுவந்திருந்தார். தண்டு அதில் ஆடாமல் நுழைந்தால்தான் சரி.

கறுத்துக் கிடக்கிறதே என்று அம்மா அதையும் விளக்கோடு சேர்த்துப் புளியும் செங்கல் பொடியும் போட்டுத் தேய்த்துவிட்டாள்.

அப்பா தண்டை நுழைத்துப் பார்த்தார், லேசாக ஆடியது.

“இனிமே என் சாமான் எதையும் தொடாத,” என்றார்.

அம்மா தொடவில்லை. அப்பா சாகும்வரை அவர் தட்டை அவரே கழுவினார், சட்டையை அவரே துவைத்தார். அவர் இறந்த அன்று, தலைக்கு எண்ணெய் வைக்க அம்மாவைக் கூப்பிட்டோம்.

“தொடக் கூடாதுன்னாரு,” என்றாள், எழுந்திருக்காமல்.