சுபாஸ் கேட்ட சின்னக் கம்பியூட்டர்

ஜீவனை எனக்குப் பிடிக்காது. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பிறகு றின்ஸா பொறாமையில் பேசுகிறாள் என்று யாரும் முகத்தைச் சுளிக்க வேண்டாம். பதுளையில் ஒரு கம்பியூட்டர் கடையில் நாங்கள் இருவரும் வேலை செய்கிறோம். நான் காசு மேசையில், அவன் விற்பனையில். கேம் விளையாடும் கம்பியூட்டருக்குச் சாமான் தெரிவு செய்து கொடுப்பதில் ஊவா மாகாணத்திலேயே அவனை அடிக்க ஆளில்லை என்று முதலாளி சிவசுப்பிரமணியம் ஐயா வருகிறவர் போகிறவரிடமெல்லாம் சொல்வார். அது உண்மைதான். அந்த உண்மையும் எனக்கு எரிச்சல்தான்.

அவன் பிறந்தது லுணுகலைக்கு மேலே ஒரு தேயிலைத் தோட்டத்து லயத்தில், வரிசையாகக் கட்டிய தொழிலாளர் வீடுகளில் ஒன்றில். அது எனக்கு எப்படித் தெரியும் என்றால், என் வாப்பாவின் பலசரக்குக் கடை லுணுகலை டவுனில்தான் இருக்கிறது. அவனுடைய அம்மா பெரியாயி சம்பள நாளில் அரிசி, மா வாங்க வருவார். பக்கத்தில் மூக்கை உறிஞ்சிக்கொண்டு நிற்கும் இரண்டு பிள்ளைகளில் மூத்தவன் ஜீவன், இளையவன் சுபாஸ். தகப்பன் தம்பையா மலையில் மரம் விழுந்து செத்த பிறகு அந்த மனுஷி தனியாளாகக் கொழுந்து பறித்து இரண்டையும் வளர்த்தார். மூத்தவன் படிப்பில் கெட்டிக்காரன். கம்பியூட்டர் படிக்கவென்று யாழ்ப்பாணத்துக்கு அனுப்பினார். போனவன் சில வருஷம் கழித்துப் பதுளைக்குத் திரும்பினான். வீட்டுக்குத் திரும்பவில்லை.

வரும்போது பேச்சையும் மாற்றிக்கொண்டு வந்திருந்தான். அசல் யாழ்ப்பாணத்தான் தோற்றுப்போவான். தோட்டத்துப் பிள்ளை என்றால் மதிப்பில்லை என்று நினைத்தானோ என்னவோ, சொந்த ஊர் யாழ்ப்பாணத்துச் சாவகச்சேரி, தாயும் தகப்பனும் யுத்தத்தில் செத்துவிட்டார்கள் என்று முதலாளிக்குக் கதை விட்டான். முதலாளியின் ஊரும் அந்தப் பக்கம்தான். மனம் இளகி வேலை கொடுத்தார். மூன்று வருஷத்தில் தன் மகள் நிசாந்தினியையும் கொடுப்பதாக முடிவு செய்துவிட்டார். தை மாதம் கல்யாணம். உயிரோடு மலையில் நிற்கிற தாயைச் சாகடித்துவிட்டு, பெரிய மனுஷன் மாப்பிள்ளையாகப் போகிறான். நினைக்கும்போதெல்லாம் எனக்குப் பற்றிக்கொண்டு வரும். நான் வேலைக்குச் சேர்ந்த நாளில் லுணுகலைக் கடையைப் பற்றி மெதுவாக வாயெடுத்தேன். "நீங்கள் வேற ஆரையோ நினைச்சுக் கதைக்கிறீங்கள், தங்கச்சி" என்றான். அதோடு அவனும் நானும் தேவைக்கு மேல் பேசுவதில்லை.

ஐப்பசி மழைக்குள் ஒரு ஞாயிற்றுக்கிழமை சுபாஸ் கடைக்குள் வந்தான். கட்டார் நாட்டில் இரண்டு வருஷம் வேலை செய்து திரும்பியிருந்தான். குடையை வாசலில் சாத்திவிட்டு நேராக அண்ணனிடம் போனான்.

"வணக்கங்க. கேம் வெளையாட ஒரு கம்பியூட்டர் வேணும். சின்னதா இருக்கணும். எங்களது லயத்து வீடு, டீவிக்குப் பக்கத்துல ஒரு முழத்துக்கு மேல எடமில்ல."

ஜீவனின் முகத்தில் ஈயாடவில்லை. இரண்டடி தள்ளி முதலாளி நின்றுகொண்டிருந்தார்.

"இருங்கோ ஐயா. என்ன கேம் விளையாடுவீங்கள்?" என்று கேட்டான். கூடப் பிறந்த தம்பியை ஐயா என்கிறான்.

சுபாஸ் இப்போது "அண்ணே" என்று கத்துவான் என்று காத்திருந்தேன். அவன் கத்தவில்லை. ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, தனக்குப் பிடித்த கேம்களின் பெயரை ஒவ்வொன்றாகச் சொன்னான். பெட்டி சின்னதாக இருந்தால் மதர்போர்டும் சின்னதாக வேண்டும், பவர் சப்ளையும் அந்த அளவுக்கு வேண்டும், கூலர் உயரமாக இருந்தால் மூடி மூடாது, நீளமான கிராஃபிக்ஸ் கார்ட் உள்ளே போகாது என்று ஜீவன் தரையைப் பார்த்தபடி ஒப்புவித்தான். சுபாஸ் எல்லாவற்றுக்கும் "அப்படிங்களா" என்றான்.

ஜீவன் கேசிங் பெட்டியை எடுக்க உள்ளே போனதும் சுபாஸ் என் மேசைக்கு வந்தான். அவனுக்கு என்னை நினைவிருந்தது.

"முழு மெஷினா எடுத்தா வீட்டுக்கே வந்து பூட்டிக் குடுப்பீங்களாமே?"

"ஆமா, எல்லாத்தையும் பொருத்திக் குடுப்போம். சாமானத் தெரிவு செஞ்சவர்தான் வரணும். முதலாளி வச்ச சட்டம்."

"அதுக்குத்தான் வந்தேன். போன் நம்பர மாத்திட்டான். ஆள் அனுப்பினேன், வரல்ல. அம்மா ஒரு தடவ மொகத்தப் பாத்தாப் போதும்னு அழுவுது. கழுத்தப் புடிச்சுத் தள்ளியாச்சும் ஒரு நாளைக்கு அதோட கண்ணுல காட்டிருவேன்."

"இதுக்கு இவ்வளவு பாடா? இங்கயே முதலாளிக்கிட்டச் சொல்லிருங்க, ஒரு நிமிஷத்துல முடியும்."

"சொன்னா கல்யாணம் நின்னுரும். அப்புறம் அம்மா என்னயத்தான் திட்டும். மூத்தவன் நல்லா இருக்கணும்னுதான் அது இன்னமும் வெள்ளிக்கெழம வெளக்கேத்துது."

கேம் ஆசையும் அவனுக்கு இருந்தது, இல்லையென்று நான் சொல்லமாட்டேன். ஆனால் அந்தக் காசைச் செலவழிக்கத் துணிந்தது அண்ணனை வீட்டுக்கு இழுத்துப் போகத்தான். அது ஜீவனுக்கும் விளங்கிவிட்டது. அன்றிலிருந்து இருவருக்கும் நடந்தது சண்டைதான். கையோங்காமல், "நீங்க", "நீங்கள்" என்று மரியாதையாகப் போட்ட சண்டை.

அடுத்த ஞாயிறு ஜீவன் ஒரு லப்டொப்பைத் தூக்கி முன்னால் வைத்தான். "இதை எடுத்துக்கொண்டு போங்கோ ஐயா. பூட்டுற வேலையே இல்லை."

"வேணாங்க. எனக்குப் பூட்டுறதுதான் வேணும்."

"சின்னப் பெட்டி எண்டால் சூடு கூட. பிறகு எங்களைக் குறை சொல்லிப் பேசக் கூடாது."

"எங்க தோட்டத்துல குளிருதானுங்க. கொஞ்சம் சூடா இருந்தா நல்லதுதான்."

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. ஜீவன் என்னை முறைத்த முறைப்பில் பால் திரிந்திருக்கும்.

இப்படியே வாரம் ஒரு சாமானாகப் போனது. ஒரு ஞாயிறு ரேம், ஒரு ஞாயிறு மதர்போர்ட். தோட்டத்தில் பொழுதுபட்டால் மின்சாரம் மங்கிப் போகும் என்று சுபாஸ் சொல்ல, பவர் சப்ளைக்கு ஒரு ஞாயிறு முழுதாகப் போனது. சுபாஸ் எதையும் உடனே எடுக்கவில்லை. தொட்டுப் பார்ப்பான், அளக்கச் சொல்வான், இன்னொரு தரம் விளக்கச் சொல்வான். சாமானைப் பார்க்கும் நேரத்தைவிட அண்ணனைப் பார்க்கும் நேரம்தான் அதிகம். ஜீவனின் மேலுதட்டில் வேர்வை அரும்பும். வேர்க்கட்டும் என்று நான் சந்தோஷமாகப் பார்த்துக்கொண்டிருப்பேன்.

கிராஃபிக்ஸ் கார்ட் எடுக்கும் நாளில்தான் ஜீவன் கேவலமான வேலை பார்த்தான். அந்தச் சின்னக் கேசிங்குக்குள் எந்தக் காலத்திலும் போகாத ஒரு நீளக் கார்டை எடுத்து, இதுதான் பொருத்தம் என்று சத்தியம் பண்ணாத குறையாகச் சொன்னான். வண்டியில் ஏற்றுமுன் கடையில் வைத்துப் பார்க்கும்போது இடித்தால் ஓடரே குழம்பும், சுபாஸ் சலித்துப்போய்க் காசைத் திருப்பிக் கேட்பான், வீட்டுப் பயணம் தப்பிவிடும். இதுதான் அவனுடைய கணக்கு. ஆனால் முதலாளிக்குக் கண் இருக்கிறது. வந்து கார்டைக் கையில் எடுத்துக் கேசிங்கின் மேல் வைத்துப் பார்த்தார்.

"என்ன ஜீவன், இது உள்ளுக்குப் போகாதெல்லோ? உமக்கு என்ன நடந்தது? வடிவாப் பாரும்."

குட்டைக் கார்ட் ஒன்றை அவரே எடுத்துக் கொடுத்தார். பிறகு சுபாஸின் தோளில் தட்டினார். "குறை நினைக்காதேங்கோ தம்பி. பூட்டுறதுக்கு நானும் வாறன். நானே நிண்டு பாக்கிறன்."

தான் தோண்டிய குழியில் ஜீவன் தானே விழுந்தான். சுபாஸும்தான் வெளிறிப்போனான். அண்ணனைத் தனியாக அம்மாவிடம் கொண்டுபோவதுதான் அவன் நினைத்தது. வேண்டாம் என்று முதலாளியிடம் எப்படிச் சொல்வது?

வாப்பாவைப் பார்க்க லுணுகலைக்குப் போகவேண்டும் என்று சொல்லி, பூட்டப் போகும் நாளில் நானும் கடை வான் வண்டியில் தொற்றிக்கொண்டேன். பொய்தான். வேடிக்கை பார்க்கத்தான் போனேன். வழியில் பசறை தாண்டியும் ஜீவன் மடியிலிருந்த பெட்டியை இறக்கிவைக்கவில்லை.

பெரியாயி லயத்து வாசலில் நின்றார். நல்ல சேலை கட்டி, தலை வாரி, பூ வைத்திருந்தார். மூத்தவன் வருகிறான் என்று மட்டும்தான் சுபாஸ் சொல்லியிருக்கிறான். கையில் பெட்டியோடு ஜீவன் படியேறியதும் அவர் இரண்டு கைகளையும் நீட்டிக்கொண்டு ஓடி வந்தார்.

"வணக்கம் அம்மா. கம்பியூட்டரை எங்க வைக்கிறது?" என்றான் ஜீவன்.

பின்னால் முதலாளி வானிலிருந்து இறங்கிக்கொண்டிருந்தார். பெரியாயி மகனைப் பார்த்தார். முதலாளியைப் பார்த்தார். தலையைக் குனிந்துகொண்டு நின்ற சுபாஸைப் பார்த்தார். நீட்டிய கைகளை இழுத்து முந்தானையில் துடைத்துக்கொண்டார்.

"உள்ள வாங்க" என்றார். எனக்கு வேடிக்கை பார்க்கும் ஆசை அங்கேயே செத்துவிட்டது.

ஜீவன் பூட்டினான். மதர்போர்ட் உட்கார்ந்தது, கூலருக்கு மேல் மூடி சரியாக மூடியது, குட்டைக் கார்ட் விரலிடை மிச்சம் வைத்து உள்ளே போனது. டீவிக்குப் பக்கத்தில் பெட்டி அளவெடுத்தாற்போல் நின்றது. பெரியாயி கொடுத்த தேத்தண்ணியைக் குடித்துக்கொண்டிருந்த முதலாளிக்கு மனம் நிறைந்துவிட்டது.

"நல்ல பிள்ளை. இவருக்குத்தான் என்ர மகளைக் குடுக்கப் போறன். தாய் தேப்பன் ரெண்டு பேரும் இல்லை, பாவம்."

"அப்படிங்களா" என்றார் பெரியாயி. சுவரோரம் தரையில் உட்கார்ந்து ஜீவனைப் பார்த்தார். "தம்பிக்கு எந்த ஊருங்க?"

"சாவகச்சேரி."

"அம்மா எப்ப தவறுனாங்க?"

"சண்டைக்குள்ள. நான் அப்ப சின்னப் பிள்ளை."

"அம்மா, விடும்மா" என்றான் சுபாஸ். அவர் கையைக் காட்டி அவனை அடக்கினார்.

"கொள்ளி வச்சது நீங்கதானா?"

ஜீவன் ஸ்குரூவைத் திருகிக்கொண்டே இருந்தான். அது எப்போதோ இறுகிவிட்டது. முதலாளி அவனை அனுதாபத்தோடு பார்த்துக்கொண்டிருந்தார்.

"ஓம்" என்று தலையாட்டினான்.

அவனை எழுப்பி நிறுத்திக் கன்னத்தில் அறைய வேண்டும் போலிருந்தது எனக்கு. பெரியாயி அழவில்லை.

"அப்ப உங்க கடமை முடிஞ்சிருச்சிங்க" என்றார். எழுந்து முதலாளியின் கோப்பையை வாங்கிக்கொண்டார். "பொண்ணு மாப்பிள்ள நல்லா இருக்கட்டும் ஐயா. ஒண்ணு மட்டும் சொல்றேன். இந்த மெஷினு பழுதாப் போனா இவங்கள அனுப்ப வேணாம். வேற ஆள அனுப்புங்க."

"ஏனம்மா, ஏதும் பிழை விட்டவரோ?"

"இல்லைங்க. நல்லாத்தான் பூட்டுனாங்க. வந்து போற ஆளு மொகம் பழகிரும். அப்புறம் வராட்டி மனசு கேக்காது."

முதலாளி சிரித்தார். சரி அம்மா, வேறு ஆளை அனுப்புகிறேன் என்று சொல்லிவிட்டு வெளியே வந்தார். ஜீவன் அதற்கு முன்பே வானில் ஏறி உட்கார்ந்திருந்தான்.