மஞ்சள் அடித்த பற்கள்

காலை ஆறு மணிக்குச் செய்தி வந்தது. முதல் ஷிப்ட் பஸ்ஸுக்காக எங்கள் குடியிருப்பு பிளாக் முனையில் நின்றிருந்தேன். செங்குட்டுவன் சார் விடிவதற்குள் மாரடைப்பில் போய்விட்டதாக அவர் மனைவி வெண்மதி போனில் சொன்னார்.

முத்தாண்டிக்குப்பத்து விவசாய வீட்டுப் பிள்ளை அவர். மெக்கானிக்கல் படித்துவிட்டு சுரங்க ஆய்வுக்கூடத்தில் சேர்ந்தார். நான் அவருக்குக் கீழே வேலை பார்த்தேன். சுரங்கத்தில் மண்ணை வெட்டும் பெரிய சக்கரத்தின் பற்கள் கடினமான மணற்பாறையில் சீக்கிரம் தேய்ந்துபோகும். தேயாத பல் ஒன்றைச் செய்வதிலேயே அவருடைய உத்தியோகக் காலம் பெரும்பாலும் கழிந்தது.

போன வருடம் அவருடைய எட்டுப் பற்களைச் சோதனைக்காக ஒரு சக்கரத்தில் மாட்டினார்கள். அடையாளத்துக்கு மஞ்சள் பட்டை தீட்டியிருந்தார். ஆயுத பூஜைக்காக இயந்திரம் நின்றபோது சோதித்ததில், ஒரு பல்லில் மயிரிழை விரிசல் தெரிந்தது. பூஜை முடிந்ததும் கழற்றுவதாக ஏற்பாடு. மறுநாள் போனால் சக்கரம் முழுக்க மஞ்சள், விரிசல் விட்ட பல் எதுவென்றே தெரியவில்லை. ஓட்டுவதற்குத் தயாராகிக்கொண்டிருந்தார்கள்.

“யாருங்க பெயின்ட் அடிச்சது?” என்று கேட்டார் சார்.

“நாங்கதான் சார்,” என்றார் ஆபரேட்டர் சடையப்பன். “நீங்க அடிச்ச கலரு எடுப்பா இருந்துச்சு. பூசையன்னிக்கு உங்க பல்லு மட்டும் மினுக்கிகினு இருந்தா மத்தது கோவிச்சுக்காதா?”

சார் சிரிக்கவில்லை. அந்தப் பல் ஓட்டத்தில் உடைந்தால் மண்ணைக் கொண்டுபோகும் பெல்ட்டில் விழுந்து அதைக் கிழித்துவிடும். பெல்ட் ஓரத்தில் ஆட்கள் நிற்பார்கள்.

“சக்கரத்தை ஓட்டாதீங்க.”

ஷிப்ட் பொறுப்பாளர் தெய்வசிகாமணிக்குக் கோபம். “ரிசர்ச்சுக்கு ஏதுங்க ஷிப்ட்டு? எனக்கு இருக்குது. உங்க பல்லாலதான் நின்னுச்சுன்னு எழுதுவேன். அதோட உங்க சோதனையும் முடிஞ்சுது.”

“எழுதுங்க.”

பட்டையும் மஞ்சள், பூச்சும் மஞ்சள். உலோகம் தெரியும்வரை ஒவ்வொரு பல்லாகச் சுரண்டினோம். வெயில் ஏறியது. இரண்டு முறை தெய்வசிகாமணி ஆபரேட்டரை இயந்திரத்தை ஓட்ட மேலே ஏறச் சொன்னார். சடையப்பன் ஏறவில்லை, அவரும் ஒரு உளியை எடுத்துக்கொண்டு சுரண்ட வந்தார். கடைசியில் ஒரு பல்லின்மேல் சாருடைய விரல் நின்றது. கழற்றுவதற்காகச் சடையப்பன் சம்மட்டியால் தட்டியதும் அது இரண்டாகப் பிளந்தது.

ஆனாலும் தெய்வசிகாமணி சொன்னபடியே எழுதினார். சோதனை நிறுத்தப்பட்டது. சார் உலோகக் கலவையை மாற்றி மறுபடி எட்டுப் பற்கள் வார்த்தார். மறுபடி அனுமதி கேட்டு அலைந்தார். போன வாரம் அது கிடைத்தது. தன் சக்கரத்திலேயே மாட்டிக்கொள்ளும்படி தெய்வசிகாமணி எழுதிக் கொடுத்திருந்தார்.

இந்த முறை அடையாளத்துக்குப் பெயின்ட் இல்லை. ஒவ்வொரு பல்லிலும் எண்ணைச் சாரே தன் கையால் பொறித்துக்கொண்டிருந்தார். ஏழு முடிந்திருக்கின்றன. எட்டாவதில் எண் இல்லை.