முட்டி மடங்காத கவசம்

சூடேறிய பிளாஸ்டிக் குழாயின் வாசனை மூக்கில் பட்டால் இன்றும் எனக்கு நாக்கு வறண்டுவிடும். பெங்களூரில் கட்டடம் கட்டடமாகப் பிளம்பர் வேலைக்குப் போகிறவன் நான். ஒரு குழாயின் வாயை நெருப்பில் காட்டி விரித்து இன்னொன்றைச் செருகும்போதெல்லாம், பாலக்கோட்டுக்குப் பக்கத்தில் எங்கள் ஊரில், நான் ஆறாவது படித்த வருடத்துத் தவக்காலத்துக்குப் போய் வருகிறேன்.

எங்கள் ஊரில் புனித வெள்ளியன்று கோயில் மைதானத்தில் 'பாஸ்கா' நடக்கும். இயேசுவின் பாடுகளை ஊர்க்காரர்களே நடிப்பார்கள். சேவகர்களை நடத்திவரும் நூற்றுவர் தலைவன் வேடம் வருடா வருடம் லாரி டிரைவரான என் அப்பாவுக்குத்தான். அதற்கு முந்தைய ஐப்பசி மழையில் தொப்பூர் இறக்கத்தில் வண்டி கவிழ்ந்து அவருடைய வலது கால் முறிந்தது. மாதங்கள் போயும் எலும்பு சரியாகக் கூடவில்லை, சுவரைப் பிடிக்காமல் நிற்க முடியாது, வீட்டில் அடுப்பு ஒருவேளைதான் எரிந்தது. ஒருநாள் லாரி முதலாளி வாசலில் நின்று சொன்னார்: "அந்தோணி, பிரேக் மிதிக்கற காலு அது. பாஸ்காவுல நீ நிக்கறத பாக்கறேன். நின்னுட்டீன்னா ஈஸ்டர் கழிச்சி சாவிய வாங்கிக்க."

பழைய அட்டைக் கவசங்களைக் கரையான் தின்றிருந்ததால், சேவகர்கள் எல்லோருக்கும் புதிதாகக் கவசம் செய்து தருகிறேன் என்று அப்பா சொன்னபோது யாருக்கும் சந்தேகம் வரவில்லை. நீல டிரம்மை அறுத்து மார்புக்கு. தண்ணீர் வராமல் கைவிட்ட போர்வெல்லின் 'கேசிங்' குழாயை நெடுக்காகப் பிளந்து காலுக்கு. தேங்காய் மட்டைத் தணலில் காட்டினால் அந்தக் கெட்டிக் குழாய் ஈரத்தோலாகத் துவளும், துவண்ட நொடியில் காலில் வளைத்துப் பிடித்துத் தண்ணீர் ஊற்ற வேண்டும். நனைத்த சாக்கை நான் காலில் சுற்ற, அம்மா குழாயை அழுத்துவாள். "ஏசுவ ஆணி அடிக்கற கூட்டத்துக்கு எதுக்குங்க இத்தன சோக்கு?" என்பாள். சாக்கையும் மீறி அப்பாவின் கால் வெந்தது. அப்பா இன்னும் அழுத்தச் சொன்னார்.

மற்றவர்களுக்கு முழங்காலுக்குக் கீழே மட்டும்தான் கவசம். அப்பாவுக்குத் தொடைக்கும் ஒரு துண்டு. பழுக்கக் காய்ச்சிய ஆக்சா பிளேடை இரண்டு துண்டுகளுக்கும் நடுவில் விட்டு, உருகிய இரு விளிம்புகளையும் சரியாக முட்டியின்மேல் சேர்த்து அழுத்தினார்.

"முட்டியில ஒட்டாதீங்க. எப்பிடி மடக்குவீங்க?" என்றாள் அம்மா.

"மடக்கறதுக்கு இல்ல புள்ள. நிக்கறதுக்கு."

அதைக் கட்டிக்கொண்டு, கையில் ஈட்டியோடு, அவர் சுவரை விட்டு நின்றார். அம்மா முகத்தைத் திருப்பிக்கொண்டு அழுதாள். அந்தக் காலோடு தொப்பூரில் பிரேக் மிதிப்பதைப் பற்றி நாங்கள் யாரும் யோசிக்கவில்லை. அரிசியைப் பற்றித்தான் யோசித்தோம்.

இயேசு உயிர்விட்டதும் தலைவன் சிலுவையடியில் முட்டிபோட்டு ஒரு வசனம் சொல்ல வேண்டும். நாடகத்தை நடத்தும் உபதேசியாரிடம், "டிரஸ்ஸு கெட்டியா இருக்குதுங்க, இந்த வருசம் தலைய மட்டும் குனிஞ்சிக்கறேன்" என்று அப்பா முன்கூட்டியே சம்மதம் வாங்கியிருந்தார்.

புனித வெள்ளியன்று சிலுவை நட்ட கல்வாரி மேடு வரை ஒரு தடுமாற்றமில்லாமல் நடந்தார். முன்வரிசையில் முதலாளி தலையாட்டிக்கொண்டிருந்தார். இயேசு தலை சாய்த்ததும் மைதானமே மண்டியிட்டது. அது எல்லா வருடமும் நடப்பதுதான். அப்பாவும் கூடவே மண்டியிட்டுப் பழகியவர் என்பதால் இந்த முறை அவர் மட்டும் தனித்து நிற்க வேண்டிவரும் என்று எங்களில் யாருக்கும் தோன்றவே இல்லை. முதலாளியும் முட்டிபோட்டார். மொத்த ஊருக்கும் நடுவில் நின்றது அப்பா ஒருவர்தான். ஈட்டியைத் தரையில் ஊன்றிக்கொண்டார்.

"நில்லுங்க, நில்லுங்க" என்று என் பக்கத்தில் அம்மா முணுமுணுத்தாள்.

அப்பா மடங்கினார். முட்டியிலிருந்த ஒட்டு விறகு பிளப்பதுபோல் தெறித்தது. வசனம் வரவில்லை, அலறல்தான் வந்தது.

"இந்த வருசந்தான்யா தலைவன் மெய்யாலுமே அழுவறான்" என்றது பின்னாலிருந்து ஒரு குரல்.

கூட்டம் எழுந்ததும் முதலாளிதான் முதலில் ஓடிவந்தார். கவசத்தைப் பிரித்து, உடைந்த விளிம்பு கிழித்த காலைப் பார்த்தார். "இத வெச்சிக்கிட்டா என் வண்டிய தொப்பூர்ல எறக்கப் பாத்த? கிளீனர் பையனுக்கும் ஆத்தா இருக்காடா." அவர் சொன்னதில் தப்பில்லை.

சாவி வேறொருவருக்குப் போனது. நான் எட்டாவதோடு நின்று திருப்பூர், கோழிக்கோடு என்று சுற்றி இங்கே வந்து சேர்ந்தேன். ஏன் மடங்கினார் என்று அப்பாவிடம் ஒரே ஒருமுறை கேட்டேன். "எல்லாரும் முட்டி போட்டாங்க. நா மட்டும் எப்பிடி சாமி நிக்கறது?" என்றார்.

இப்போது அப்பா இல்லை. அந்தக் கவசங்களை யார் எங்கே போட்டார்கள் என்று தெரியவில்லை. இந்த வருடம் பாஸ்காவுக்குப் போயிருந்தேன். வாடகைக்கு எடுத்த ஃபைபர் கவசத்தில் புதுத் தலைவன் சுலபமாக மண்டியிட்டான், ஊரும் மண்டியிட்டது. நான் நின்றுகொண்டே இருந்தேன், எவ்வளவு நேரம்தான் முடிகிறது என்று பார்க்க. பக்கத்திலிருந்த ஒரு குழந்தை அண்ணாந்து என்னைப் பார்த்தது. அதற்குமேல் என்னால் நிற்க முடியவில்லை.